இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஹெட்செட்: காசு எங்கே போகிறது, ஒலி எங்கிருந்து வருகிறது

முதன்முதலாக நல்ல ஹெட்செட் ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்தக் காசுக்கு எது நல்லா இருக்கும்?" கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய்ச் சத்தம், ஐயாயிரத்துக்கு அதைவிடப் பத்து மடங்கு நல்ல சத்தம் என்ற நம்பிக்கை. அரிசியிலும் மின்விசிறியிலும் ஓரளவு பலிக்கும் இந்தக் கணக்கு ஹெட்போனில் உதைக்கிறது.

2017-இல் யேரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை எடுத்து, அவற்றின் கடை விலையோடு பொருத்திப் பார்த்தார். காதுக்குள் செருகுபவை, காதின் மேல் உட்காருபவை, காதையே மூடுபவை என எல்லா வகையும் அதில் உண்டு. அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: ஹெட்போனின் அதிர்வெண் நடத்தைக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு இல்லை. அதிர்வெண் நடத்தை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உச்ச ஒலி ஆகியவற்றில் எதை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ தருகிறது என்ற கணக்கு அது. ஒரு ஹெட்போனை "அருமை" என்றோ "கொடுமை" என்றோ நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கணக்குக்குத்தான். அதற்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்றால், கூடுதலாகக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

பெரும்பாலும் ஒலி அல்லாத விஷயங்களுக்குப் போகிறது. வயர் இல்லாத வசதி, பேட்டரி, சார்ஜ் ஏற்றும் டப்பா, இரைச்சல் நீக்கம், பளபளப்பான உடல், விளம்பரத்தில் வரும் கிரிக்கெட் வீரர். இவற்றில் சிலவற்றுக்குக் காசு கொடுப்பது நியாயம்தான், கிரிக்கெட் வீரரைத் தவிர. ஆனால் ஒலிக்காகக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பேட்டரிக்குக் கொடுப்பதுதான் புதிதாக வாங்குகிறவர்களுக்கு வழக்கமாக நடப்பது.

மலிவான இயர்போன் எப்படித் தேறியது

சாதாரண இயர்போன் ஒன்றைப் பிரித்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். சிறு காந்தம், மெல்லிய கம்பிச் சுருள், 10 மி.மீ. அகலத்தில் ஒரு சவ்வு. பாட்டின் மின்சாரம் சுருளில் ஓடும்போது சுருள் அசைகிறது, அதோடு சவ்வும் அசைகிறது, காற்று அதிர்கிறது. லட்சக்கணக்கில் உற்பத்தி செய்யும்போது இந்தப் பாகங்களின் அடக்கவிலை மிகக் குறைவு. உண்மையான செலவு, அந்தச் சவ்வு எப்படி ஒலிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் இருந்தது.

எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் கொடுத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழாய். ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனையைச் செவிப்பறை அடைத்திருக்கும். இப்படிப்பட்ட குழாய்க்கு ஓர் ஒத்ததிர்வு உண்டு. நம் காதில் அது 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. எதிரில் நிற்பவர் பேசும்போதும் சபாவில் கச்சேரி கேட்கும்போதும், அந்தப் பகுதி ஒலி செவிப்பறைக்கு வந்து சேர்வதற்குள் பத்து டெசிபெல்லுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டு வளர்ந்ததால் மூளைக்கு அதுதான் இயல்பு. இயர்போனைச் செருகியதும் குழாயின் வாய் அடைபடுகிறது, அந்த இயற்கையான உயர்வு காணாமல் போகிறது. ஆகவே இயர்போனே அதைத் தன் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல இருக்கும். அளவுக்கு மீறிச் சேர்த்தால் குரல் காதில் கத்தும்.

எவ்வளவு சேர்ப்பது என்பது வெகுகாலம் ஆளுக்கொரு கணக்காகவே இருந்தது. 2012 வாக்கில் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் இதை முறையாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஜேபிஎல், ஏகேஜி பிராண்டுகளின் உரிமையாளரான நிறுவனம் அது. 2017-இல் சாம்சங் அதை வாங்கியது. எந்த ஹெட்போன், என்ன விலை என்று தெரியாதபடி ஆட்களை உட்கார வைத்து, ஒலியை மாற்றி மாற்றிக் கேட்கச் செய்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். நாடும் வயதும் பயிற்சியும் மாறினாலும் பெரும்பாலோர் விரும்பிய ஒலி கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரைக் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி: அடித்தளத்தில் பேஸ் கொஞ்சம் தூக்கலாக, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் அந்த உயர்வு, அப்புறம் மெல்ல இறங்கும் உச்ச ஒலி. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது அப்படியே பிடித்தது. மிச்சம் இருந்தவர்களில் ஒரு சாரார் பேஸ் இன்னும் வேண்டும் என்றார்கள், மற்றவர்கள் குறைக்கச் சொன்னார்கள்.

இதை அவர்கள் பூட்டி வைத்துக்கொள்ளாமல் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டதுதான் திருப்பம். இன்று ஹெட்போன் விமர்சனங்களில் அடிபடும் 'ஹார்மன் வளைவு' இதுதான். யார் வேண்டுமானாலும் அதை இலக்காக வைத்து இயர்போனைச் சுருதி சேர்க்கலாம்.

இலக்கு தெரிந்தால் மட்டும் போதாது, அளந்து பார்க்கக் கருவியும் வேண்டும். மனிதக் காதின் உட்பகுதியைப் போல நடந்துகொள்ளும் ஓர் உலோகக் குழாயும் மைக்கும் சேர்ந்த கருவி அது. ஐஇசி 60318-4 என்ற தரத்தின்படி செய்யப்படுகிறது. அசல் கருவி பெரிய ஆய்வகங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். ஆனால் அதன் சீன நகல்கள் அதில் மிகச் சிறு பங்கு விலைக்குச் சந்தைக்கு வந்தன. ஆர்வலர்கள் வாங்கினார்கள், வீட்டில் உட்கார்ந்து அளந்தார்கள், வரைபடங்களை இணையத்தில் வரிசையாகப் போட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கிரினக்கிள் என்ற பெயரில் எழுதும் விமர்சகர் இப்படி அளந்து சேர்த்த தொகுப்பு, இயர்போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு அகராதி மாதிரியே ஆகிவிட்டது. பெட்டியில் என்ன வசனம் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது இன்னதுதான் என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது.

தயாரிப்பாளர்களுக்கு ஒளிய இடமில்லாமல் போனதும் போட்டி சூடுபிடித்தது. 2022-இல் சீனாவின் மூன்ட்ராப் நிறுவனம் 'சூ' என்ற இயர்போனைச் சுமார் 20 டாலருக்கு இறக்கியது. அதே ஆண்டில், அதே விலையில், செவன் ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் 'சால்நோட்ஸ் ஜீரோ' வந்தது. இரண்டிலும் ஒரே ஒரு 10 மி.மீ. டிரைவர்தான், அதாவது மேலே சொன்ன காந்தம், சுருள், சவ்வு சேர்ந்த பாகம். இரண்டுமே முன்பு இதைப்போலப் பல மடங்கு விலைக்கு விற்றவற்றோடு சமமாக நின்று பேசின. மறு ஆண்டில் கிரினக்கிள் சுருதி சேர்த்த 'ஜீரோ 2' வந்தது. சூவின் இரண்டாம் பதிப்பில் வயரைக் கழற்றி மாற்றும் வசதியும் சேர்ந்தது. நம் ஊரில் இவை ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. புதிதாக வருகிறவருக்கு, வீட்டிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து கேட்பதுதான் நோக்கம் என்றால், நான் தயங்காமல் கைகாட்டுவது இந்த வகையைத்தான்.

"பேஸ் எப்படிண்ணே?"

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். "சும்மா அதிரும் தம்பி" என்ற பதிலும் கூடவே விழும். பேஸ் விரும்புவதை ரசனைக் குறைவு என்று சில ஆடியோ ஆர்வலர்கள் கிண்டல் செய்வது வழக்கம். அது நியாயமில்லை. மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி குறைவாகவே கேட்கும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதோடு பேருந்து எஞ்சினும் ரயில் சக்கரமும் போடும் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலி. பாட்டின் பேஸை அது முதலில் விழுங்கிவிடுகிறது. ஆக, பேஸ் கொஞ்சம் தூக்கலாகக் கேட்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு.

கேள்வி, எந்த இடத்தில் தூக்குவது என்பதே. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தூக்கினால் டிரம் அடி நெஞ்சில் படும், குரல் தெளிவாகவே இருக்கும். 100 முதல் 300 வரை தூக்கினால் கதையே வேறு. ஆண் குரலின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. அந்த இடம் வீங்கினால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று எழுதிய மலிவு ஹெட்போன்களில் பல இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன. கடையில் பத்து விநாடி கேட்கும்போது அசத்தும். வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் தலை கனக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மிருதங்கத்தைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. மற்ற பல தோல் கருவிகளைப் போலில்லாமல் மிருதங்கத்தின் வலந்தலை தெளிவான சுருதியில் பேசும். அதன் நடுவில் அப்பியிருக்கும் கருப்புப் பூச்சால்தான் அதன் மேலதிர்வுகள் அடிப்படைச் சுரத்தோடு ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன என்று சி. வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இடப்பக்கமான தொப்பியோ முழுக்கத் தாழ்ந்த நாதம். ஒரே கருவியில் இரண்டு கோடியும் இருப்பதால் ஹெட்போனின் பொய் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும்.

நன்கு பதிவான ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியில் ஒரு 'தொம்' விழும்போது அது தொடங்கி, குமுறி, அடங்குவது தனியாகக் கேட்கிறதா, அல்லது ஒரு மூட்டமாகப் பரவி அடுத்த அடி வரை நிற்கிறதா? அந்த 'தொம்' விழும் கணத்தில் பாடகரின் குரல் மங்குகிறதா? மங்கினால் பேஸ் தவறான இடத்தில் தூக்கியிருக்கிறது. வலந்தலையின் 'நம்' என்ற அடி பாடகரின் ஆதார சட்ஜத்தோடு சேர்ந்து இனிக்கிறதா, வெறும் 'டக்' என்று விழுகிறதா? பின்னால் தம்புரா விடாமல் ஓடிக்கொண்டிருப்பது காதில் படுகிறதா? உச்ச ஒலிக்கு நாதஸ்வரம் போட்டுப் பாருங்கள். மேல் ஸ்தாயியில் சத்தத்தைக் குறைக்கக் கை போனால், அந்த ஹெட்போனை வைத்துவிடுங்கள்.

சினிமாப் பாட்டுதான் கேட்பேன் என்றாலும் இதே சோதனை செல்லும். அங்கே எல்லா ஒலியும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் குறை தெரியக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்

ஒலியைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், எந்த வகை வாங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டியது இடம்தான். நகரப் பேருந்தில் கேட்கிறவருக்கு முதல் தேவை வெளிச்சத்தத்தை அடைப்பது. காதுக்குள் இறுக்கமாகச் செருகும் ரப்பர் முனை இயர்போன் பேட்டரி எதுவும் இல்லாமலேயே நிறைய அடைத்துவிடும். காதின் மேல் சும்மா உட்காரும் லேசான ஹெட்போன் அங்கே உதவாது.

இது சுகம் மட்டுமல்ல, காதின் ஆயுள் விஷயமும்கூட. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10, 89-க்கு 5. வெளியே இரைச்சல் 80 இருந்தால் பாட்டு கேட்க நாம் அதைத் தாண்டித்தான் ஏற்றுவோம். வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டால் அந்தத் தேவையே இல்லை. சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

இங்கேதான் பெட்டியில் போட்டிருக்கும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 'ஏஎன்சி' என்பது உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. வெளிச்சத்தத்தை மைக்கால் எடுத்து, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் கலந்துவிடும். 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் அமர் போஸுக்கு இந்த யோசனை வந்தது. அது விமானிகளுக்கான பொருளாக விற்பனைக்கு வர 1989 ஆனது. 'ஈஎன்சி' என்பது வேறு. நீங்கள் போனில் பேசும்போது உங்கள் பக்கத்து இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்காமல் மைக்கில் வடிகட்டுவது அது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆயிரம் ரூபாய்ப் பெட்டியில் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், அதற்கு முன்னால் இருக்கும் எழுத்து எது என்று பாருங்கள். அசலான ஏஎன்சிகூட எஞ்சின், மின்விசிறி, ஏசி போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். பக்கத்து இருக்கைக்காரரின் போன் பேச்சை அடைக்க நல்ல ரப்பர் முனைதான் கதி.

வீட்டில் தனியாகக் கேட்பவருக்குத் தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன் ஆசை வரும். சரி, ஆனால் நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. காதை முழுக்க மூடும் செயற்கைத் தோல் மெத்தை, ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரத்தில் வேர்த்து ஒட்டும். ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தத் தோல் கருப்புச் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். மெத்தை தனியாக வாங்கி மாற்றக் கிடைக்குமா என்று பார்த்து வாங்குவது நல்லது. காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ மாதிரி, பஞ்சு மெத்தையோடு காதின் மேல் லேசாக உட்காரும் வகை இந்த வெயிலுக்குத் தோதானது. 1984-இல் வந்த வடிவம், இன்னும் அதே உருவத்தில் விற்கிறது. வெளிச்சத்தத்தை அடைக்காது, உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். தனியறைக்குச் சரி.

வயரா, வயர்லெஸ்ஸா

இரண்டாயிரம் ரூபாய்க்கு வயர் இயர்போன் வாங்கினால் அந்தப் பணத்தில் செய்ய வேண்டியது சவ்வு, கூடு, வயர் மட்டும். அதே பணத்தில் ஒரு ஜோடி இயர்பட்ஸ் வாங்கினால் மூன்று பேட்டரிகள், இரண்டு புளூடூத் சிப், நான்கு மைக், சார்ஜ் டப்பா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒலிக்கு மிஞ்சுவது குறைவு. இதில் ரகசியம் எதுவும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

ஆயுளும் அப்படித்தான். ஒவ்வொரு இயர்பட்டிலும் இருப்பது சில பத்து மில்லி ஆம்பியர்-மணி அளவுள்ள குட்டி லித்தியம் பேட்டரி. தினமும் ஏற்றி இறக்கினால் இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்துவிடும். பிரித்து மாற்றும்படி பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. வயர் இயர்போன் பழுதாவது பெரும்பாலும் ஜாக்கை ஒட்டிய வளைவில், அல்லது இரண்டு வயரும் பிரியும் இடத்தில். கழற்றி மாட்டும் வயராக இருந்தால் சில நூறு ரூபாயில் புது வயர் போட்டுக்கொண்டு ஓட்டலாம். முதல் ஹெட்செட் வாங்குகிறவருக்கு நான் அழுத்திச் சொல்லும் ஒரே வசதி இது.

ஆனாலும் வயர்லெஸ் கூடாது என்று சொல்ல மாட்டேன். சமையலறையில் நின்றபடி கேட்பவருக்கும் ஓடுகிறவருக்கும் வயர் தொல்லைதான். பைக்கில் போகும்போது காதில் மாட்டிக்கொள்வதைத் தவிர, எல்லா இடத்திலும் அது உண்மையான சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்குத்தான் காசு என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. வியர்வைக்கு 'ஐபிஎக்ஸ் 4' என்ற நீர்த்தெறிப்பு தாங்கும் தரக்குறி போட்டிருந்தால் போதும். எல்டிஏசி, ஏஏசி என்று பெட்டியில் வரும் கோடெக் (புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களைப் பற்றி இந்த விலையில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போனும் ஹெட்செட்டும் இரண்டுமே ஆதரித்தால்தான் அவை வேலை செய்யும், எல்டிஏசி ஐபோனில் கிடையவே கிடையாது, அந்த வித்தியாசம் பேருந்துச் சத்தத்தில் தெரியவும் தெரியாது. கேம் விளையாடுகிறவருக்குத்தான் புளூடூத்தின் தாமதம் உறுத்தும். துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வரும். அவர் வயரையே பார்க்கட்டும்.

வயர் வாங்கினால் ஒரு சிக்கல் உண்டு. 2016-இல் ஐபோன் 7-இல் ஆப்பிள் ஹெட்போன் துளையை எடுத்தது, பின்னால் மற்ற கம்பெனிகளில் பலவும் பல மாடல்களில் எடுத்துவிட்டன. உங்கள் போனில் அந்தத் துளை இல்லையென்றால் டைப்-சி துளையில் மாட்டும் ஒரு சிறு இணைப்பான் தேவை. கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் சில வெறும் கம்பி இணைப்புகள். போன் தானே டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றி வெளியே அனுப்பினால்தான் அவை வேலை செய்யும். பல போன்கள் அப்படி அனுப்புவதில்லை. மாட்டினால் எதுவும் கேட்காது, இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அந்த மாற்றும் வேலையைத் தானே செய்யும் 'டிஏசி' சிப் உள்ளே இருக்கும் இணைப்பானாகக் கேட்டு வாங்குங்கள். போனில் பேசவும் வேண்டுமென்றால் ஜாக்கைப் பாருங்கள். உலோகத்தின் மேல் இரண்டு வளையம் இருந்தால் மைக் கிடையாது, மூன்று வளையம் இருந்தால் உண்டு. சீன இயர்போன்களில் பல, மைக் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையாக வரும்; ஆர்டர் போடும்போது கவனிக்காமல் விட்டால் வேறு வகை வந்து சேரும்.

பெட்டியில் இருப்பதும் காதில் இருப்பதும்

'40 மி.மீ. டிரைவர்', '50 மி.மீ. டிரைவர்' என்பதெல்லாம் அளவுதான், தரமல்ல. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது மனிதக் காதின் வரம்பு. எல்லாப் பெட்டியிலும் அதையே அச்சடிக்கிறார்கள். அந்த எல்லைக்குள் எதை எவ்வளவு கொடுக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்வதில்லை. 'ஹை-ரெஸ்' என்ற பொன்னிற முத்திரை ஜப்பான் ஆடியோ சொசைட்டி கொடுப்பது. 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. வயது ஏற ஏறப் பலருக்கு 15,000-ஐத் தாண்டுவதே சந்தேகம். ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை, 16 அல்லது 32 என்று இருந்தால் போனே தாராளமாக ஓட்டும்.

பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் முனைகள்தான் இதையெல்லாம்விட முக்கியம். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி வரும். பலர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தரத்தையே கடைசி வரை வைத்துக்கொள்கிறார்கள். காதுத் துளை முழுக்க அடைபடாவிட்டால் பேஸ் வெளியே கசிந்துவிடும், அப்போது எவ்வளவு நல்ல இயர்போனும் தகரம் தட்டும். சரிபார்ப்பது சுலபம். ஒரு கையால் காதின் மேல்பக்கத்தைப் பின்னோக்கி மெல்ல இழுத்துக்கொண்டு, மறு கையால் இயர்போனைச் செருகுங்கள். பாட்டை ஓடவிட்டு, விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால் முனை சிறிது, அடுத்த அளவுக்குப் போங்கள். ஒரே ஆளுக்கு வலது காதும் இடது காதும் வேறு அளவாக இருப்பது சாதாரணம். ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரிது என்று மாட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் தலையில் மாட்டும் வகையை வாங்கும்போது கண்ணாடியோடு பத்து நிமிஷம் போட்டுப் பார்க்க வேண்டும். காம்பு அழுத்தும் இடத்தில் வலிக்கத் தொடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

வாங்குவதில் இரண்டே விஷயம். எம்ஆர்பி 4,990 என்று போட்டு அடித்து 1,299 என்று காட்டினால், அதன் விலை 1,299 என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 3,691 ரூபாய் லாபம் வந்ததாக அல்ல. அப்புறம், காதுக்குள் போகும் பொருள் என்பதால் பெட்டியைப் பிரித்துவிட்டால் பல விற்பனையாளர்கள் திருப்பி எடுப்பதில்லை. பணம் கட்டுமுன் அந்த நிபந்தனையை வாசித்துவிடுவது மேல். நட்சத்திர மதிப்பீடுகளில் பல, பொருள் வந்த அன்றே போட்டவை. ஆறு மாதம் கழித்து எழுதியிருப்பதைத் தேடிப் படித்தால் வயரும் பேட்டரியும் எப்படி என்று தெரியும்.

வாங்கியது முழுக்கத் திருப்தி தரவில்லை என்றாலும் உடனே அடுத்ததைத் தேட வேண்டாம். ஒலிச் சமன்படுத்தி, அதாவது ஈக்வலைசர், இலவசமாகவே இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்து, எதை எவ்வளவு கூட்டிக் குறைத்தால் ஹார்மன் வளைவுக்கு அருகே வரும் என்று கணக்குப் போட்டுத் தரும் 'ஆட்டோஈக்யூ' என்ற திறந்தமூலத் திட்டம் உண்டு. ஆண்ட்ராய்டில் 'வேவ்லெட்' செயலியில் உங்கள் மாடலைத் தேடித் தேர்ந்தெடுத்தால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்திக்கொள்ளும். பேஸ் வீங்கிய பழைய ஹெட்செட்கூட இதில் ஓரளவு மனிதக் குரலுக்குத் திரும்பிவிடும். ஒரு வாரம் அதோடு கேட்டுவிட்டு, பிறகு அணைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பேஸ் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்று அப்போது தெரிந்துவிடும்.

அப்படியானால் பெரிய தொகை கொடுப்பது எப்போதுதான் நியாயம்? ஏஎன்சி உண்மையாகவே தேவைப்படும்போது. நாள் முழுக்க மாட்டியிருக்கும் வேலையில் தலைக்கும் காதுக்கும் சுகம் வேண்டும்போது. அல்லது அமைதியான அறையும் நேரமும் இருந்து, ஒலி தலைக்குள் அடைபடாமல் சுற்றிலும் விரிந்து கேட்க வேண்டும் என்று தோன்றும்போது. கடைசி வகைக்குக் கூட்டின் வெளிப்பக்கம் மூடாமல் திறந்திருக்கும் பெரிய ஹெட்போன்கள்தான் வழி. சென்ஹைசர் எச்டி 600 1997-இல் வந்தது, இன்றும் அந்த வகையில் மற்றவற்றை ஒப்பிட அதைத்தான் எடுக்கிறார்கள். அதன் ஓம் கணக்கு 300. போனில் நேராக மாட்டினால் சத்தம் போதாமல் முனகும், தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் அதன் விலை.